கல்லும் கடனும்

மனிதன் தன் வீட்டிற்கு வாங்கும் பொருள்களுள் அவனுக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்திருப்பது கல். மரம் உளுத்துப் போகும், இரும்பு துருவேறும், துணி நைந்து கிழியும். கல்லோ அவனுடைய பேரன் காலத்திலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, வீட்டிற்குக் கல் தேர்ந்தெடுப்பது வெறும் கடைத்தெருக் காரியம் அன்று. எது நிலைக்க வேண்டும் என்று ஒருவன் விரும்புகிறான்? அதற்காக என்ன விலை கொடுக்கிறான்? அந்த விலைச்சீட்டில் எழுதப்படாமல் விடுபட்டவர் யார்? இவ்வினாக்கள் எல்லாம் அந்தத் தேர்வில் அடங்கியிருக்கின்றன. வாங்குகிறவன் அவற்றை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அவை அங்கே இருக்கவே செய்கின்றன.

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் உள்ளது பாடாங் மேஹா. ரப்பர் தோட்டத்தோடு வளர்ந்த ஊர் அது. அங்கும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்மிதான். லயத்து வீட்டின் பலகைச் சுவரும் தகரக் கூரையும் தோட்ட நிருவாகத்திற்கு உரியவை. வீட்டுக்கு முன்னால் இருந்த மண்ணும் அதற்கே உரியது. வேலை நின்றால் வீடும் நின்றது. ஆனால், பின்வாசலில் கிடந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் குடும்பத்தின் சொந்தச் சொத்துகள். தோட்டம் மாறிச் செல்லும்போது மூட்டை முடிச்சுகளோடு லாரியில் ஏற்றப்பட்டவை அவை. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பாரமாயினும் எவரும் அவற்றை எளிதில் விட்டுவிட்டுப் போகவில்லை. வேர் ஊன்ற இடமில்லாத ஒரு வாழ்க்கையில் கனமான பொருள் ஒன்றாவது தம்முடையதாக இருந்தது என்பதே ஓர் ஆறுதல்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பலர் இன்று பாடாங் செராயிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் வாழ்கின்றனர். 1996 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, பால்மரக் காட்டுக்கு அப்பாலும் பிழைப்பு உண்டு என்பதை அவ்வட்டாரத்து இளைஞர்களுக்குக் காட்டியது. வங்கிக் கடனில் வாங்கிய வீடு. பல ஆண்டுத் தவணை. ஆயினும் சொந்த வீடு. அவ்வீட்டைச் செப்பனிடும்போது எழும் முதல் கேள்விகளுள் ஒன்று, “சமையல் மேடைக்கு என்ன கல் போடலாம்?” என்பது.

இந்தக் கேள்வியை ஆடம்பரம் என்று எள்ளி நகையாடுவது எளிது. அது நேர்மையாகாது. மூன்று தலைமுறையாகப் பிறருடைய கூரையின் கீழ் சமைத்த ஒரு குடும்பம், யாரும் வந்து எழுப்ப முடியாத ஒரு கல்லின் மேல் அடுப்பை வைக்க விரும்புகிறது என்றால், அந்த விருப்பத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அது பகட்டுக்கான ஆசை என்பதைவிடப் பாதுகாப்புக்கான ஏக்கம் என்பதே பொருந்தும். வினா, கல் வேண்டுமா வேண்டாமா என்பது அன்று. எந்தக் கல், எந்த வழியில் என்பதே வினா.

நல்ல தேர்வுக்கு முதல் அளவை பயன். கல்லின் இயல்பை அறியாமல் அதன் அழகை மட்டும் பார்த்து வாங்குகிறவர் விரைவிலேயே வருந்த நேரும். பளிங்கு எனப்படும் சலவைக்கல் கண்ணைக் கவர்வது. லங்காவித் தீவில் பளிங்கு வெட்டியெடுக்கப்படுவதால் கெடா மக்களுக்கு அது அயலான பொருளும் அன்று. ஆனால், அது சுண்ணாம்புக் கல்லின் உறவு, புளிப்பைத் தாங்காது. தமிழர் சமையலறையிலோ நாள்தோறும் புளி கரைக்கப்படுகிறது, எலுமிச்சை பிழியப்படுகிறது, மஞ்சள் சிந்துகிறது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு சிறிது நேரம் நின்றால் போதும். மெருகு போய் ஒரு மங்கிய வட்டம் விழுந்துவிடும். அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனெனில், அது அழுக்கு அன்று, கல்லே அரிக்கப்பட்ட வடு. கூடத்துத் தரைக்கும் பூசை அறைக்கும் ஏற்ற கல், குழம்புச் சட்டியின் அருகே தோற்றுப் போகிறது.

கிரானைட்டு எனப்படும் கருங்கல் இவ்வகையில் உறுதியானது. புளிப்பு அதனை எளிதில் தொடாது, கத்தி கீறாது, சூடான பாத்திரத்தையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆயினும் எல்லாக் கருங்கல்லும் ஒரு தன்மையன அல்ல. வெளிர்நிறக் கற்களுள் சில நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். துண்டுக் கல்லின் மேல் சில துளி நீரை விட்டுச் சிறிது நேரம் பார்த்திருந்தால், அது மேலேயே நிற்கிறதா, உள்ளே இறங்கிக் கறையாகிறதா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் காப்புப் பூச்சு தேவை. அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சேலத்துக் கல்சட்டி செய்யும் மாக்கல் மற்றொரு வகை. நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. ஆனால், புளிக் குழம்பு அதனை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் முன்னாளில் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் அமிலம் புழங்கும் மேசைகளுக்கும் அதன் இனக் கல்லே இடப்பட்டது. மென்மை என்பதே குறையன்று. கடினம் என்பதே நிறைவன்று. எதற்கு எது பொருந்தும் என்பதே அறிவு.

பெயர்களும் ஏமாற்றும். கடையில் ‘காஷ்மீர் வெள்ளை’ என்று விற்கப்படும் கல் காஷ்மீரத்திலிருந்து வருவதன்று, தமிழ்நாட்டில் வெட்டியெடுக்கப்படுவது. ‘கறுப்புக் கிரானைட்டு’ என்று பெயர் பெற்றவற்றுள் பெரும்பாலானவை மண்ணியல் அறிஞர் கணக்கில் கிரானைட்டே அல்ல. வேறு வகை எரிமலைக் குழம்பு பூமிக்குள் உறைந்து உண்டானவை. வணிகம் கல்லுக்கு ஒரு பெயரைச் சூட்டும்போது அதன் ஊரை அழித்துவிடுகிறது. ஊர் அழிந்தால் அந்த ஊரில் அதை வெட்டியவனும் அழிந்து போகிறான். அறம் பற்றிய வினா தொடங்கும் இடம் இதுவே.

பழைய நாளில் இப்படி இல்லை. அம்மி தேய்ந்து வழுக்கத் தொடங்கினால் அதனைக் கொத்த வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்களில் “அம்மி கொத்தலையோ” என்று கூவிக்கொண்டு கல்தச்சர் வந்தார். வீட்டுப் பெண் திண்ணையில் நின்று பார்க்க, அவர் உளியும் சுத்தியும் கொண்டு கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். கண்ணில் துகள் தெறித்ததையும் அவர் இருமியதையும் அவள் கண்டாள். கூலியில் ஓரணாவைக் குறைக்க அவள் வாதாடியிருக்கக்கூடும். ஆனாலும் அந்தக் கூலி யாருக்குப் போகிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். பயன்படுத்துகிறவருக்கும் செய்து கொடுத்தவருக்கும் இடையே ஒரு முகம் இருந்தது. இன்று கடையில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பலகைக் கல்லில் வாங்குகிறவர் காண்பது தம்முடைய முகத்தை மட்டுமே. மெருகு அத்துணைச் சிறப்பாக இருக்கிறது.

அந்த மெருகுக்குப் பின்னால் இருப்பது தூசி. கருங்கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் படிகச் சிலிக்கா என்னும் பொருள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பறக்கிறது. மூச்சோடு உட்சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடும் அப்பொடியை உடலால் வெளியேற்ற முடிவதில்லை. அதனைச் சுற்றித் தழும்பு படர்ந்து, மூச்சுப்பை மெல்ல மெல்ல இறுகிப் போகிறது. சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் அழைக்கும் இந்நோய்க்கு முழுத் தீர்வு தரும் மருந்து இல்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. சுருங்கச் சொன்னால், அடுக்களையில் பளபளக்கும் கல் எங்கோ ஒருவருடைய மூச்சை அடகு வைத்து வந்ததாக இருக்கக்கூடும்.

எல்லாக் கல்லிலும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. பளிங்கில் படிகச் சிலிக்கா மிகச் சிறிதளவே உண்டு. கிரானைட்டில் பொதுவாக 100க்கு 20 முதல் 45 பங்கு வரை இருக்கும். கல்தூளைப் பிசினில் குழைத்து ஆலையில் செய்யப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையிலோ அது 90 பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. அப்பலகையை அறுத்த இளந்தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறி வீழ்ந்ததைக் கண்டுதான் ஆஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அதனைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. உலகில் அவ்வாறு தடை விதித்த முதல் நாடு அதுவே. இயற்கைக் கல் அந்தத் தடையில் சேரவில்லை. ஆயினும், ‘இயற்கை’ என்ற சொல் ஒன்றே குற்றமின்மைக்குச் சான்றாகிவிடாது. மலை இயற்கையானது, அதனை அறுக்கும் கூலியும் அவன் விடும் மூச்சும் சந்தையின் ஏற்பாட்டுக்கு உட்பட்டவை.

மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. மலேசியச் சந்தைக்குச் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கருங்கல் வருகிறது. இந்தியாவில் கருங்கல்லுக்குப் பேர்பெற்ற பகுதிகளுள் ஒன்று மதுரையை அடுத்த மேலூர் வட்டாரம். அங்கே நடந்த முறைகேடான குவாரித் தொழிலால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இருக்கும் என்று 2012 ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதினார். 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் தம் அறிக்கையை அளித்தார். குன்றுகள் குறைந்தன, கண்மாய்கள் மேடாயின, பழைய கல்வெட்டுகளும் சமணர் படுக்கைகளும் வெடிவைப்பின் அருகே நின்று நடுங்கின. அதே வட்டாரத்தைச் சேர்ந்த அரிட்டாபட்டி மக்களோ தம் குன்றுகளை விட்டுக்கொடுக்க மறுத்தனர். 2022 ஆம் ஆண்டு நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கல்லை வெட்டாமல் விடுவதும் ஒரு தேர்வே என்பதை அவ்வூர் காட்டியது.

கெடாவில் குடியேறிய தமிழருடைய முன்னோர் இத்தகைய கிராமங்களிலிருந்து கடல் கடந்தவர்கள். ஒருகாலத்தில் அங்கிருந்து மனிதர் ஏற்றுமதியாயினர். இன்று மலைகள் ஏற்றுமதியாகின்றன. இரண்டுக்கும் வழி கடல்தான்.

இவ்விடத்தில் பாடாங் மேஹா போன்ற ஊர்களின் வரலாறு ஒரு தனிப் பொறுப்பை உணர்த்துகிறது. 1920களில் உலகின் ரப்பரில் பெரும்பங்கை அமெரிக்க மோட்டார் வண்டிகள் தின்றன. அந்த வண்டியில் ஏறிச் சென்றவர் எவராவது, ‘இந்தச் சக்கரத்தின் பாலை விடியற்காலையில் வெட்டிய பெண் யார்? அவளுடைய குழந்தை எந்த ஆயாக் கொட்டகையில் அழுதுகொண்டிருந்தது? அவளைக் கடித்த கொசு எது?’ என்று கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார். அவர் கொடியவர் அல்லர், அறியாதவர். அறியாமலிருக்கும் வசதி அவருக்கு இருந்தது. அவருடைய அறியாமையின் பாரத்தைத் தோட்டத்து மக்கள் முதுகில் சுமந்தார்கள். யாரும் தம்மைப் பற்றிக் கேட்கவில்லை என்பதே அவர்களுடைய நீண்டநாள் மனக்குறை.

அந்த மக்களின் பேரப்பிள்ளை இன்று கடையில் கல்லின் முன் நிற்கிறான். இம்முறை வாங்குகிறவன் அவன். வெட்டியவன் வேறொருவன், அவன் மேலூரிலோ, பெயர் தெரியாத ஒரு சீன நகரத்திலோ, கூலிமுக்கு அருகே ஒரு பட்டறையிலோ இருக்கலாம். அந்தப் பட்டறையில் கல்லை அறுப்பவன் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த வங்காளதேசத்து இளைஞனாகவும் இருக்கலாம். இடம் மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை. தன் பாட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று வருந்துகிறவன், அந்த இளைஞனைப் பற்றித் தானும் கேட்காமல் போனால், அவனுடைய வருத்தத்திற்கு என்ன பொருள்? துன்பத்தின் நினைவு பிறர் துன்பத்தைக் காணும் கண்ணைத் தராவிட்டால், அது வெறும் குடும்பக் கதையாகத் தேய்ந்துவிடும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை வலிமையற்றவையும் அல்ல. ஒரு வீட்டுக்காரர் வாங்கும் ஏழடிக் கல்லால் உலக வணிகம் திருந்திவிடுமா என்று கேட்கலாம். கல்லை வாங்காமல் விட்டால் அந்தக் கூலிக்கு உள்ள பிழைப்பும் போய்விடுமே என்றும் கேட்கலாம். அரண்மனை போன்ற மாளிகைகளைப் பளிங்கால் நிரப்புகிறவர்களைக் கேளாமல், தவணை கட்டும் தொழிலாளியிடம் அறம் பேசுவது எந்த வகையில் நியாயம் என்று கேட்பதும் தகும்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் கூர்மையானது. பெரும் பொறுப்பு, பெரும் அளவில் வாங்குகிறவருக்கும் ஆலை நடத்துகிறவருக்கும் சட்டத்தைக் காக்க வேண்டியவருக்குமே உரியது. மலேசியாவில் 1994 ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் அதற்காகவே உள்ளது. எளிய மனிதன் மேல் உலகத்தின் குற்றம் முழுவதையும் சுமத்துவது அறம் ஆகாது. இரண்டாவது மறுப்பும் உண்மையே. கல்லை வெறுத்து ஒதுக்குவது தூசியில் நிற்பவனுக்கு உதவி அன்று. ரப்பரை உலகம் வாங்காமல் விட்டபோது, 1930களின் தொடக்கத்தில், தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதை வரலாறு அறியும். தொழிலாளிக்குத் தேவை வேலை இல்லாமை அன்று. கேடு இல்லாத வேலை.

முதல் மறுப்புக்கு மட்டும் நேரான விடை உண்டு. உலகத்தைத் திருத்த இயலாதவன், தன் வாசலைத் திருத்த இயலாதவன் அல்லன். கல் பொருத்த ஆள்கள் வருகிறார்கள். நீர்த்தொட்டிக்கு இடம் விட்டுக் கல்லில் துளை போட வேண்டும். வீட்டு முற்றத்திலேயே உலர்ந்த கல்லில் அறுப்பு எந்திரம் பாய்கிறது. வெண்புகை எழுந்து பக்கத்து வீட்டுக் கொடித் துணிமேல் படிகிறது. அறுக்கும் பையன் சட்டையைத் தூக்கி மூக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்தக் காட்சி மேலூரில் அன்று, வீட்டுக்காரரின் கண் முன்னே நடக்கிறது. “தம்பி, தண்ணீர் விட்டு அறுங்கள், அரை நாள் கூடுதலானாலும் பரவாயில்லை” என்று சொல்ல அவரால் முடியும். அளவை முன்னரே சரியாக எடுத்துக் கொடுத்து, நீர் பாய்ச்சி அறுக்கும் பட்டறையிலேயே துளையும் விளிம்பும் முடிந்து வரச் செய்ய முடியும். விலை பேசும்போதே, எப்படி அறுப்பீர்கள், முகமூடி உண்டா என்று கேட்க முடியும். அதற்காகக் கூடும் சில வெள்ளிகளைப் பேரத்தில் பிடுங்காமல் விட முடியும். பத்து வீட்டுக்காரர் கேட்டால் பதினோராவது வீட்டில் கேட்க வேண்டிய தேவை இராது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கும் பொருந்தும்.

தேர்விலும் அடக்கம் ஒரு வழிகாட்டி. நல்ல நிலையில் உள்ள மேடையை, பக்கத்து வீட்டார் மாற்றினார் என்பதற்காக உடைத்தெறிய வேண்டியதில்லை. பெரிய வேலைகளில் எஞ்சிய துண்டுக் கற்கள் பட்டறைகளில் கிடக்கும். சிறிய அடுக்களைக்கு அவை போதும். கழற்றிய பழைய கல்லும் கல்லே. எத்தனையோ கோடி ஆண்டுகள் பூமிக்குள் உருவான ஒன்றைப் பத்து ஆண்டு நாகரிகத்திற்காக மாற்றுவதில் ஒரு சிறுமை இருக்கிறது.

பாடாங் மேஹாவில் வாழ்ந்த ஒரு தாய், மகனுடைய புதிய வீட்டுக்கு வருவதாக எண்ணிப் பார்க்கலாம். மகன் மேடையைக் காட்டுகிறான். அவள் கையால் தடவிப் பார்க்கிறாள். “நன்றாக இருக்கிறது ஐயா, குளிர்ச்சியாக இருக்கிறது” என்கிறாள். பிறகு, தான் கொண்டுவந்த அம்மியை எங்கே வைப்பது என்று கேட்கிறாள். “மின்னரைவை இருக்கிறதே அம்மா, இனி அது எதற்கு?” என்று மகன் சொல்லக்கூடும். “இருக்கட்டும் ஐயா, அது பாட்டுக்கு ஓர் ஓரமாகக் கிடக்கும்” என்பாள் அவள். ஐம்பது ஆண்டு மிளகாயும் மஞ்சளும் அரைத்து, நடுவே பள்ளம் விழுந்த கல் அது. புதிய கல்லின் அழகு பிறர் செய்து கொடுத்தது. அம்மியின் வழவழப்பு அவளுடைய கையே செய்தது. இரண்டும் அவ்வீட்டில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு நினைவூட்டும்.

ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக்கை அடுத்து, புக்கிட் பத்து பாஹாட் கோயில் இருக்கிறது. புஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களுள் பெயர்பெற்றது அது. 1936–37 ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959–60 இல் அலஸ்டர் லாம்பின் மேற்பார்வையில் கருங்கற்கள் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டன. கடாரம் என்று தமிழர் பெருமையோடு நினைக்கும் நிலத்தின் கல் அது. அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்துவில் இருந்த பதினோராம் எண் கோயிலின் அடித்தளம், 2013 ஆம் ஆண்டில், வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது அழிந்தது. வீடு வேண்டும் என்னும் நியாயமான விருப்பமும், பார்க்காமல் கடந்து போனால், இப்படித்தான் முடிகிறது.

புக்கிட் பத்து பாஹாட் என்னும் மலாய்ப் பெயருக்கு உளி கொண்டு செதுக்கிய கல்லின் குன்று என்று பொருள். அக்குன்றின் பெயரில் எந்த அரசனும் இல்லை. எந்த வணிகனும் இல்லை. உளி இருக்கிறது. கோயிலைக் கட்டுவித்தவரை மறந்த மக்கள், கல்லைச் செதுக்கிய வேலையைத் தம் நாவில் காத்து வைத்தார்கள். தாமான் வீட்டின் சமையல் மேடைக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கப் போவதில்லை. ஆனால், அதன் மேல் அடுப்பை ஏற்றும் குடும்பம், இதை வெட்டியவன் நலமாக மூச்சு விடுகிறானா என்று ஒருமுறையேனும் கேட்டிருக்குமானால், தோட்டத்தில் தன் முன்னோர்க்குக் கிடைக்காத ஒன்றை அது பிறருக்குத் தந்ததாகும்.